ஏரி நீரில் டைட்டானியம் நானோத்துகள்: 48 என்ற நிறையில் அளப்பது சரியா?

கேள்வி

மக்கள் குளிக்கும் ஏரியொன்றில், சன்ஸ்கிரீன் களிம்புகளிலிருந்து கழுவப்பட்டுச் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடு நானோத்துகள்களை ஒற்றைத் துகள் ஐசிபி-எம்எஸ் முறையில் (துகள்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்மாவில் அயனிகளாக்கி, அவற்றை நிறைவாரியாக எண்ணும் முறை; ஒவ்வொரு துகளும் ஒரு துடிப்பாகத் தெரியும்) அளந்து வருகிறேன். டைட்டானியத்தில் ஏறத்தாழ 74 விழுக்காடு 48 என்ற நிறையுடையது என்பதால் அதையே தேர்ந்தேன். தூய நீரில் தெளிவாகத் தெரியும் துடிப்புகள், ஏரி நீரில் உயர்ந்த பின்னணிச் சைகைக்குள் மறைந்துவிடுகின்றன. நீரில் கால்சியம் லிட்டருக்கு 40 மி.கி. உள்ளது. 47 நிறையுள்ள டைட்டானியத்துக்கு மாறினால் இது தீருமா?

மறுமொழி 1

காரணம் கால்சியம்தான். அதில் 0.187 விழுக்காடே 48 நிறையுடையது என்றாலும், உங்கள் நீரில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 90 மைக்ரோகிராம் ஆகிறது. சாதாரண குவாட்ருபோல் (நிறை வடிகட்டி) கருவியால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. 47-க்கு மாறினால் பின்னணி தாழும். ஆனால் அந்த ஐசோடோப்பு 7.4 விழுக்காடே என்பதால் துடிப்பும் பத்தில் ஒன்றாகிவிடும். துகளின் நிறை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே பத்து மடங்கு இழப்பு, கண்டறியக்கூடிய மிகச்சிறு துகளின் விட்டத்தில் இரு மடங்குக்குச் சற்று மேலான இழப்பாகவே முடியும். டேண்டம் கருவி (இரு நிறை வடிகட்டிகளுக்கு நடுவே வினை அறை கொண்டது) இருந்தால் அம்மோனியாவைச் செலுத்தி, அதனுடன் சேர்ந்த டைட்டானியத்தை, கால்சியத்திலிருந்து விலகிய 131 என்ற நிறையில் அளப்பதே மேல்.

மறுமொழி 2

கரைந்த கால்சியம் பின்னணியை உயர்த்துவதோடு நின்றுவிடும். கடின நீரில் மிதக்கும் கால்சைட் (கால்சியம் கார்பனேட்) துகள்களோ 48-இல் துடிப்பாகவே பதிவாகி, டைட்டானியத் துகள்களாகக் கணக்கில் ஏறிவிடும். இதுவே எனக்குப் பெரிய கவலை. மாதிரியின் ஒரு பகுதியில் மட்டும் சிறிது நைட்ரிக் அமிலம் சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள்: கால்சைட் கரைந்துவிடும், டைட்டானியம் டை ஆக்சைடு கரையாது. மாதிரி முழுவதையும் அமிலமாக்கிச் சேமிக்க வேண்டாம், துகள்கள் திரளக்கூடும். வெள்ளியை அளப்பவர்களுக்கோ துகளே கரைந்துபோகும்.

கேட்டவர்

மிக்க நன்றி. டேண்டம் கருவி உள்ளது. 131-இல் தெரியும் துடிப்புகளைச் சன்ஸ்கிரீன் துகள்கள் எனக் கூறலாமா?

மறுமொழி 3

கூற இயலாது. இல்மனைட், ரூட்டைல் போன்ற, டைட்டானியம் கொண்ட கனிமங்களின் துகள்களும் எந்த ஏரியிலும் இருக்கும். வியன்னாவின் பழைய டான்யூப் ஏரியில் ஓராண்டுக் காலம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், டைட்டானியத்துக்கும் பிற தனிமங்களுக்கும் உள்ள விகிதங்களைப் பருவந்தோறும் ஒப்பிட்டதுடன், துகள்களை மின்னணு நுண்ணோக்கியிலும் பார்த்தனர். குளிக்கும் பருவத்துக்கு முன்பே மாதிரி எடுக்காவிட்டால் உங்களுக்கு ஒப்பீட்டு அடிப்படையே இராது. இயற்கைத் துகளில் டைட்டானியத்துடன் நயோபியம் என்ற தனிமமும் இருப்பதுண்டு. ஒரே துகளில் பல தனிமங்களை ஒருசேர அளக்கும் பறப்பு நேர நிறைமானியில் இரண்டும் ஒரே துடிப்பில் தெரிந்தால் அது கனிமம் எனலாம். ஆயினும் சிறு துகளில் நயோபியம் கண்டறியும் எல்லைக்குக் கீழே போய்விடுவதால், அது தெரியாத துகள்களை எல்லாம் சன்ஸ்கிரீன் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.