பங்காக வந்த ஆவுளியா

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர்:

நான் முதன்முதலில் கண்ட ஆவுளியா என்ற கடற்பசு, பனையோலைப் பட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்த கறிப் பங்குதான். திருக்கைக்காக இரவில் விட்ட வலையில் அது சிக்கிக்கொண்டது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டிய விலங்காதலால், விடியலில் வலையை இழுக்கும்போது மூச்சுமுட்டி இறந்து கிடந்தது என்று அப்பா சொன்னார். தோணிக்கு, வலைக்கு, உடன் போனவர்களுக்கு என்று கரையிலேயே பங்கு பிரித்தார்கள்; கடலுக்குப் போக ஆளில்லாத வீடுகளுக்கும் ஒரு கூறு ஒதுக்கினார்கள். கொழுப்பை உருக்கிப் புட்டியில் வைத்திருந்த அப்பத்தா, நெடுநாள் அதை மூட்டுவலிக்குத் தேய்த்து வந்தார். வேட்டையாடக் கூடாத விலங்குகளைச் சொல்லும், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடற்பசு இருந்ததால், எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல நடந்தது.

பசிக்குப் பகிர்ந்து உண்டவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல எனக்கு இன்றும் நா எழவில்லை. ஆனாலும், 13 மாதங்களுக்கு மேல் சுமந்து ஒரே குட்டியை ஈன்று, அடுத்த ஈற்றுக்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் விலங்கு, ஊருக்கு ஒன்று என்ற கணக்கைக்கூடத் தாங்காது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர்:

எங்கள் பக்கம் பேராமை என்ற கடலாமைதான் உணவு. அழுங்காமை என்ற இன்னொரு கடலாமை என்றால் பெரியவர்களுக்கு அச்சம். அதன் கறி சில வேளைகளில் நஞ்சாகி ஆளையே கொன்றுவிடும். ஈரலைக் காக்கைக்குப் போட்டு, அது தின்றால்தான் அடுப்பு மூட்டுவார்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். காக்கையை நம்பி உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள்!

மீண்டும் தொண்டிக்காரர்:

2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் அரசு அறிவித்த கடற்பசுப் பாதுகாப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைச் சேர்ந்தது. நம் இராமநாதபுரம் மாவட்டம் அதில் இல்லை. கடற்புல்லை மேய்ந்துகொண்டே வரும் விலங்குக்கு மாவட்ட எல்லை ஏது? அண்மையில் என் மைத்துனர் வலையில் ஒன்று உயிரோடு சிக்கியது. அவர் வலையை அறுத்து விட்டதும், அது தோணியோரம் ஒருமுறை மூச்சுவிட்டு, வாலைத் தூக்காமலேயே அமிழ்ந்துபோனதாம். அறுத்த வலைக்கு ஈடாக அரசு தந்த பணம் கைக்கு வந்த அன்று, இப்போது தொண்ணூறைத் தொட்டிருக்கும் அப்பத்தா அவரிடம் கேட்டார்: "அப்ப இதுல ஊருக்குப் பங்கு கிடையாதாப்பா?"