உபுண்டுவில் எக்ஸ்எஃப்சிஇ சேர்த்த பிறகு திரை பூட்டவில்லை, தமிழ்99 காணவில்லை

பனைமட்டை:
வணக்கம். உபுண்டு 22.04, 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். உபுண்டுவோடு வரும் டெஸ்க்டாப்பான க்னோம் திணறியதால், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பைத் தரும் எக்ஸுபுண்டு-டெஸ்க்டாப் தொகுப்பைக் கூடுதலாக நிறுவினேன். நடுவில் ஒரு ஊதாத் திரை வந்து, ஜிடிஎம்3 வேண்டுமா லைட்டிஎம் வேண்டுமா என்று கேட்டது. லைட்டிஎம் என்று கொடுத்தேன். எக்ஸ்எஃப்சிஇ நன்றாகவே ஓடுகிறது. ஆனால் க்னோமில் நுழைந்தால் திரையைப் பூட்ட முடியவில்லை. சூப்பர் விசையோடு எல் அழுத்தினாலும் அசைவில்லை. எக்ஸ்எஃப்சிஇயில் தமிழ்99 விசைப்பலகையே இல்லை. அக்கா க்னோமைத்தான் பயன்படுத்துவார், எனவே இரண்டும் வேண்டும். இரண்டும் இருந்தால் ராம் இரட்டிப்பாகச் செலவாகுமா?

கருவேலங்காடு:
எதற்கு இந்தத் தலைவலி? கோப்புகளைக் காப்பு எடுத்துவிட்டு, எக்ஸ்எஃப்சிஇ மட்டும் உள்ள எக்ஸுபுண்டுவையே புதிதாக நிறுவிவிடுங்கள்.

திண்ணை:
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம். அவருக்கு இரண்டும் வேண்டும் என்கிறாரே!

பனைமட்டை, அந்த ஊதாத் திரை கேட்டது டெஸ்க்டாப்பைப் பற்றி அல்ல. கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரையை யார் நடத்துவது என்பதைப் பற்றி. க்னோமின் திரைப்பூட்டு ஜிடிஎம்மை நம்பியே இயங்குகிறது. லைட்டிஎம் பொறுப்பில் இருந்தால் க்னோமால் பூட்ட முடியாது. எக்ஸ்எஃப்சிஇக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எக்ஸுபுண்டுவோடு வரும் எக்ஸ்எஃப்சிஇ4-ஸ்கிரீன்சேவர் தன் பூட்டைத் தானே போட்டுக்கொள்ளும். ஆகவே இருவரும் புழங்கும் கணினியில் ஜிடிஎம்3தான் சரி.

டெர்மினலில் ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஜிடிஎம்3’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அதே ஊதாத் திரை மறுபடி வரும். ஜிடிஎம்3ஐத் தேர்ந்தெடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். எதையும் நீக்க வேண்டியதில்லை.

ராம் கவலை வேண்டாம். நீங்கள் நுழைந்த டெஸ்க்டாப் மட்டுமே நினைவகத்தில் ஏறும். மற்றது வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். ஒரு நிபந்தனை: அக்காவுக்குத் தனிக் கணக்கு இருந்து, அவர் வெளியேறாமல் நீங்கள் உங்கள் கணக்குக்கு மாறினால் இரண்டுமே ஓடும். 4 ஜிபியில் அது வேண்டாத வேலை.

பனைமட்டை:
மிக்க நன்றி. பூட்டு வேலை செய்கிறது. ஆனால் இப்போது நேராக க்னோமுக்குள் போய்விடுகிறது. எக்ஸ்எஃப்சிஇயை எங்கே தேர்ந்தெடுப்பது?

திண்ணை:
நுழைவுத் திரையில் முதலில் பெயரைச் சொடுக்குங்கள். கடவுச்சொல் கட்டம் வந்த பிறகுதான் வலது கீழ் மூலையில் பற்சக்கரம் தெரியும். பலர் அதற்கு முன்பே தேடிவிட்டு இல்லை என்பார்கள். அதில் எக்ஸுபுண்டு அமர்வைத் தேர்ந்தெடுங்கள். நுழைவுத் திரையே வரவில்லை என்றால் தானியங்கி உள்நுழைவு இயங்குகிறது. அமைப்புகளில் பயனர்கள் பகுதிக்குப் போய் அதை அணையுங்கள்.

மழைக்கால்_தவளை:
தமிழ்99க்கு நான் சொல்கிறேன். க்னோமில் சேர்த்த விசைப்பலகைகளை க்னோம் தன் அமைப்புகளில் வைத்துக்கொள்கிறது. எக்ஸ்எஃப்சிஇ அந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. அங்கே விசைப்பலகை உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ் என்ற மென்பொருளிடம் நேராகச் சொல்ல வேண்டும். எக்ஸ்எஃப்சிஇக்குள் இருந்தபடி ‘ஐஎம்-கான்ஃபிக்’ இயக்கி ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். பிறகு ‘ஐபஸ்-செட்டப்’ திறந்து, உள்ளீட்டு முறைப் பக்கத்தில் தமிழின் கீழ் தமிழ்99ஐச் சேருங்கள். பட்டியலில் இல்லையென்றால் ஐபஸ்-எம்17என் தொகுப்பு இல்லை என்று பொருள், அதை நிறுவுங்கள்.

பனைமட்டை:
இந்த வரியை எக்ஸ்எஃப்சிஇயில், தமிழ்99இல்தான் தட்டுகிறேன். இன்னொன்று: பின்னாளில் எக்ஸ்எஃப்சிஇ வேண்டாம் என்றால் எக்ஸுபுண்டு-டெஸ்க்டாப்பை நீக்கினால் போதுமா?

திண்ணை:
போதாது. அது மற்றவற்றை இழுத்துவரும் வெறும் பட்டியல் தொகுப்பு. அதை நீக்கினால் பட்டியல் மட்டும் போகும். அதன்பின் ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கொடுக்கும்போது எவையெல்லாம் நீங்கும் என்று காட்டும். வரிவரியாகப் படிக்காமல் ஒய் அழுத்தாதீர்கள். அதில் ஜிடிஎம்3 அல்லது க்னோம்-ஷெல் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அன்றைக்கு எவையெல்லாம் சேர்ந்து வந்தன என்பது வார், லாக், ஆப்ட் கோப்புறைகளுக்குள் ஹிஸ்டரி.லாக் கோப்பில் இருக்கிறது. அதில் நிறுவிய தேதியின் பகுதியை மட்டும் இப்போதே ஒரு நகல் எடுத்து வையுங்கள். பழைய பதிவுகளைக் கணினி ஏறத்தாழ ஓர் ஆண்டில் அழித்துவிடும்.