பழைய ஓவர்லாக்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கோபி தையல்காரி

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். நைட்டி, சுடிதார், கோடை விடுமுறை முடியும் நேரத்தில் பள்ளிச் சீருடை. என்னிடம் இருப்பது துணி ஓரத்தை வெட்டி, பிசிறு வராமல் நூல் சுற்றித் தைக்கும் மூன்று நூல் ஓவர்லாக். அதன் தலை, அதாவது தைக்கும் பகுதி, ஜப்பான். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றை மூடியபோது வெளியே வந்த இயந்திரம். கிளட்ச் மோட்டார், மரப்பலகை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து வாங்கினேன். இதுவரை உழைப்புக்கு வஞ்சனை செய்ததில்லை.

இப்போது மூன்று தொல்லைகள். லெக்கிங்ஸ், டி-ஷர்ட் துணியில் தையல் விட்டுவிட்டு விழுகிறது. பருத்தியில் ஒழுங்காக விழுகிறது. ஊசிக்கம்பி வழியாக எண்ணெய் இறங்கி வெள்ளைச் சட்டையில் புள்ளி வைக்கிறது. சீருடைத் துணியைக் கத்தி வெட்டாமல் மென்று துப்புகிறது.

மெக்கானிக் வந்து பார்த்தார். "எல்லாம் செய்ய 6,500 ரூபாய் ஆகும். ஆனால் இந்தக் கிழட்டு இயந்திரத்தில் காசைக் கொட்டாதீர்கள், புதிது எடுங்கள்" என்றார். அவர் சொல்வது நான்கு நூல், மோட்டார் தலையிலேயே பொருத்தியது, 26,000 ரூபாய். புதிது விற்பவரும் அவர்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. வீட்டுக்காரரோ, "எதற்கு இவ்வளவு? குட்டி ஓவர்லாக் ஒன்று வாங்கிப் போடு" என்கிறார், ஏதோ மிக்ஸி வாங்குவதைப் போல.

சீருடை ஆர்டர் வருவதற்குள் முடிவெடுக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர் கண்ணன்

புதிதே எடுங்கள் அக்கா. சத்தம் குறைவு, மிதித்தால்தான் ஓடும். கிளட்ச் மோட்டார் நாம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதும் உறுமிக்கொண்டே மின்சாரம் குடிக்கும். பழையதை எடைக்குப் போடாமல் எக்ஸ்சேஞ்சில் கேட்டுப் பாருங்கள்.

பழைய மெக்கானிக்

கண்ணன் தம்பி மோட்டாரைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதற்காகத் தலையை மாற்ற வேண்டியதில்லை. அதே பலகையில், மிதித்தால் மட்டும் ஓடும் சர்வோ மோட்டார் மாட்டலாம். ஓவர்லாக்குக்கு வேகம் கூடுதலாகத் தேவை, புல்லி அளவைச் சரிபார்த்து மாட்டச் சொன்னால் போதும். நாளைக்கு இந்தத் தலை போனாலும் மோட்டார் உங்களிடம்தான் இருக்கும்.

அம்மா, பணம் கொடுக்கும் முன்பு நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். மோட்டாரை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கைச்சக்கரத்தை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எந்த இடத்திலாவது பிடிக்கிறதா? பிறகு முன்மூடியைத் திறந்து, ஊசிநூலோடு நூலைப் பின்னும் கொக்கிகளான இரண்டு லூப்பர்களையும் ஒவ்வொன்றாக விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஊசிக்கம்பியையும் அப்படியே. கடகடவென்று ஆட்டம் கொடுத்தால் உள்ளே ஷாஃப்டும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன; அதற்குச் செலவு செய்யாதீர்கள், உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி. ஆட்டம் இல்லையென்றால் அந்தத் தலைக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. ஊசி, லூப்பர், கத்தி, துணியை நகர்த்தும் பல், ஆயில் சீல் எல்லாம் எந்த இயந்திரத்திலும் தேயத்தான் செய்யும். புதிதிலும் மாற்றத்தான் வேண்டும்.

பருத்தியில் விழுந்து லெக்கிங்ஸில் விடுகிறது என்றீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. ஊசி கீழே போய் மேலே ஏறத் தொடங்கும்போது அதன் முதுகுப் பக்கம் நூல் ஒரு சின்னக் கண்ணியாக விரியும். கீழ் லூப்பரின் முனை அந்தக் கண்ணிக்குள் நுழைய வேண்டும். பருத்தி அசையாமல் நிற்பதால் கண்ணி நன்றாக விரிகிறது, முனை மழுங்கியிருந்தாலும் எப்படியோ பிடித்துக்கொள்ளும். இழுபடும் துணி ஊசியோடு சேர்ந்து மேலே எழும்பும், கண்ணி சிறுத்துவிடும், லூப்பர் தவறவிடும். முதலில் டிசி 27 என்ற ஓவர்லாக் ஊசி வகையில் பால் பாயிண்ட் (முனை உருண்டது), 11-ஆம் நம்பர், புதிதாகப் போட்டுப் பாருங்கள். பிறகும் விட்டால் லூப்பர் முனையில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் லூப்பரை மாற்றுங்கள்.

எண்ணெய்க்கு: அளவு காட்டும் கண்ணாடியில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கிறதா? மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் கசியும். அளவு சரியாக இருந்தும் கசிந்தால் சீல். கத்திக்கு: பெரும்பாலும் மேல்கத்தியில் கார்பைட் முனை இருக்கும், அது சீக்கிரம் மழுங்காது. கீழ்க்கத்தியைக் கழற்றிச் சாணை பிடித்து, அதன் விளிம்பு ஊசித்தட்டின் மட்டத்துக்குச் சரியாக இருக்கும்படி மாட்டினால் வெட்டும்.

சேலம் நைட்டிக்கடை

குட்டி ஓவர்லாக் பற்றி நான் சொல்கிறேன், என்னிடம் ஒன்று இருக்கிறது. பிளவுஸ், சுடிதார் ஓரம் அடிக்க அது போதும். ஆனால் தானாக எண்ணெய் போட்டுக்கொள்ளாது. காலையில் ஒவ்வொரு துளையிலும் நாம்தான் சொட்டுவிட வேண்டும். சீருடைக் குவியலை அதில் ஏற்றினால் சூடாகிவிடும். அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

நான்கு நூலுக்கு நான் கொஞ்சம் பரிந்து பேசுவேன். டி-ஷர்ட் தோள், பக்கத் தையல் எல்லாம் மூன்று நூலில் அடித்தால் இழுக்கும்போது பல்லிளிக்கும். நான்கு நூலில் ஒரு ஊசியைக் கழற்றிவிட்டால் மூன்று நூலாகவும் ஓடும். டி-ஷர்ட், லெக்கிங்ஸ் மாதிரிப் பின்னல் துணி வேலை உங்களுக்கு எவ்வளவு வருகிறது?

ஒன்று மட்டும்: மோட்டார் தலையிலேயே உள்ளதை எடுத்தால் ஸ்டெபிலைசரும் சேர்த்து எடுங்கள். எங்கள் தெருவில் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் ஒரு தையற்கடையில் அந்த மோட்டாரின் மின்னணு போர்டு போய்விட்டது. போர்டு வரும்வரை கடை ஓவர்லாக் இல்லாமல் கிடந்தது.

கோபி தையல்காரி

ஐயா சொன்னபடி பார்த்துவிட்டேன். சக்கரம் எங்கும் பிடிக்கவில்லை, லூப்பர்கள் ஆடவில்லை, ஊசிக்கம்பியும் கெட்டியாக நிற்கிறது. புது ஊசி போட்டதில் லெக்கிங்ஸ் பாதி சரியானது, முழுதாக இல்லை. கீழ் லூப்பர் முனையில் நகம் நன்றாகவே மாட்டுகிறது. எண்ணெய் கோட்டுக்குள்தான் இருக்கிறது.

மெக்கானிக்கிடம் 6,500 ரூபாய்க்கு என்னென்ன என்று பிரித்துக் கேட்டேன். அதில் பாதிக்கு மேல் கிளட்ச் மோட்டாருக்குக் காயில் கட்டுவது! மோட்டாரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. லூப்பர், சீல், சாணை, கூலி மட்டும் என்றால் 2,400-க்கு முடிகிறது. அதை மட்டும் செய்யச் சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, பரவாயில்லை.

சேலம் அக்கா, பின்னல் துணி எனக்கு எப்போதாவதுதான். சீருடைப் பணம் கைக்கு வந்த பிறகு நான்கு நூலைப் பற்றி யோசிக்கிறேன்.

ஐயா, லூப்பர் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று கேட்கிறார். விலை மூன்று மடங்கு வித்தியாசம். எதை வாங்கட்டும்?

பழைய மெக்கானிக்

கீழ் லூப்பர் ஒரிஜினலே வாங்குங்கள் அம்மா. டூப்ளிகேட்டில் வளைவு இம்மியளவு மாறினாலும் ஊசியில் உரசும், மறுபடி கூலி. பழைய லூப்பரிலேயே நம்பர் பொறித்திருக்கும். துடைத்துவிட்டுப் படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள். மாட்டி முடித்ததும் லெக்கிங்ஸ் துண்டில் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். பருத்தியில் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.