ஆண்டு விழா மேடையில் வாசிக்கும் சாதனைப் பட்டியல்: நீங்கள் கண்ட அனுபவம் சொல்லுங்கள்

கரிசல்மகள்

மெட்ரிக் பள்ளி ஆண்டு விழா எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். தாளாளர் ஆண்டறிக்கை வாசிக்கிறார்: "ஒலிம்பியாட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட தங்கப் பதக்கங்கள்." பிள்ளைகள் வரிசையாக ஏறி வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அதில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பதக்கத்தோடு நேரே கணக்கு மிஸ்ஸிடம் போய், "மிஸ், இதுக்கு அடுத்தது ஆர்.எம்.ஓ. தானே, எப்ப மிஸ்?" என்று கேட்டாள். மிஸ் பக்கத்து மிஸ்ஸைப் பார்த்தார். இருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை பதில் வரும் என்று நின்றுகொண்டே இருந்தாள்.

தெரியாத பெற்றோருக்காகச் சொல்கிறேன். பள்ளியில் பணம் கட்டி எழுதும் தனியார் நிறுவனத் தேர்வு வேறு, ஆர்.எம்.ஓ. என்ற மண்டலக் கணித ஒலிம்பியாட்டுக்குப் போகும் பாதை வேறு. அந்தப் பாதையின் முதல் படி ஐ.ஓ.கியூ.எம். என்ற தகுதித் தேர்வு. இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் செப்டம்பரில் நடத்துகிறது. 8 முதல் 12ஆம் வகுப்பு வரை எழுதலாம். 3 மணி நேரம், 30 கேள்வி, 2, 3, 5 மதிப்பெண்ணில் பத்துப் பத்தாக மொத்தம் 100. விடை எல்லாமே 00 முதல் 99 வரையுள்ள முழு எண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். விடை 7 என்றால் ஓ.எம்.ஆர். தாளில் 07 என்று இரண்டு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். இதை யாரும் சொல்லித் தராததால் சரியான விடை கண்டுபிடித்த பிள்ளைகளும் மதிப்பெண்ணை விடுகிறார்கள். இதைத் தாண்டினால் ஆர்.எம்.ஓ.: 3 மணி நேரத்தில் 6 கணக்கு, நிறுவிக் காட்ட வேண்டும். அடுத்தது தேசிய அளவிலான ஐ.என்.எம்.ஓ., அதற்கு மேல் பயிற்சி முகாம், அங்கிருந்து 6 பேர் சர்வதேசப் போட்டிக்கு. அறிவியலுக்கு இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் தனித் தேர்வுகள் நடத்துகிறது. பத்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு ஜூனியர் சயின்ஸ் உண்டு.

ஆண்டு விழா ஜனவரி, பிப்ரவரியில். மேடையில் பதக்கம் வாங்கும்போது அந்த வருடத்துக் கதவு மூடி மாதங்கள் ஆகியிருக்கும்.

ஈரோடு பி.இ.டி.

மேடம் சொன்னது படிப்புக் கதை. விளையாட்டில் நடப்பது இன்னும் வேதனை.

வருவாய் மாவட்டத் தடகளப் போட்டி. 800 மீட்டர் ஓட ஒரு பையன் ஸ்பைக்ஸ் மாட்டி, வார்ம் அப் முடித்து வருகிறான். பதிவு மேசையில் படிவத்தைப் பார்க்கிறார்கள். பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறு தேதி. எமிஸ்படி 17 வயதுக்கு உட்பட்ட பிரிவு, ஆதார்படி அந்தப் பிரிவைத் தாண்டிவிட்டான். பெயரை அடித்துவிட்டார்கள். விசில் ஊதிய பிறகும் அவன் நம்பர் துணியைச் சட்டையிலிருந்து கழற்றவில்லை.

இது முழுக்கப் பள்ளி அலுவலகத்தின் வேலை. குறுவட்டப் போட்டி தொடங்குவதற்கு முன்பே, பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே, விளையாடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெயர், தலைப்பெழுத்து, தேதி, தந்தை பெயர். எமிஸ் திருத்தம் தலைமை ஆசிரியர் லாகின் வழியாகத்தான் போகும். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். அதனால் அவசரத்தில் ஏதோ ஒரு தேதியைக் கொடுத்து மாற்றிவிடாதீர்கள், பிறப்புச் சான்றிதழில் உள்ளதையே கொடுங்கள். 14, 17, 19 என்று மூன்று பிரிவு. இரண்டு தேதிக்கும் நடுவே புத்தாண்டு வந்தாலே பிரிவு மாறிப்போக வாய்ப்பு உண்டு.

அடுத்தது சான்றிதழ். ஆண்டறிக்கையில் "மாநில அளவில் தங்கம்" என்று இருக்கும். எந்த மாநில அளவு என்று கேளுங்கள். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளிக்கல்வித் துறை வழியாக ஏறி வந்ததா, அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தியதா, அல்லது யாரோ மண்டபம் பிடித்து நடத்திய ஓபன் டோர்னமென்டா? கடைசி வகையில் கோப்பை பெரிதாக இருக்கும், ஒதுக்கீட்டில் மதிப்பு இருக்காது. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் படிவம் 1 சர்வதேசம், 2 தேசியம், 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையே, 4 பள்ளிகளுக்கான தேசியப் போட்டி. பள்ளியில் படிக்கும்போது எஸ்.ஜி.எஃப்.ஐ. (இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு) தேசியப் போட்டிக்குப் போனால் அந்தப் படிவம் 4-ஐ அந்த ஆண்டே வாங்கிவிடுங்கள். பள்ளியை விட்டுப் போய்ப் பல வருடம் கழித்துத் தேடினால் கையெழுத்து வாங்க அலைய வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கு 500 இடம் இருக்கிறது. எந்த விளையாட்டு, எந்த ஆண்டுச் சான்றிதழ் செல்லும் என்பது அந்தந்த ஆண்டு தகவல் கையேட்டில் பட்டியலாகவே வரும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு அதைப் படித்துப் பயனில்லை, பத்தாம் வகுப்பிலேயே பழைய கையேட்டைப் படியுங்கள்.

நாமக்கல் தந்தை

கரிசல்மகள் அக்கா சொன்னதில் ஒன்றை ஏற்க முடியவில்லை. தனியார் ஒலிம்பியாட்டை அவ்வளவு கீழே இறக்க வேண்டாம். மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஐ.ஓ.கியூ.எம். கிடையாது. ஓ.எம்.ஆர். தாளை நிரப்பவும், நேரம் பார்த்து எழுதவும், புதுக் கேள்வியைப் பார்த்து மிரளாமல் இருக்கவும் அதுதான் பழக்குகிறது. எல்லாப் பெற்றோரும் ஏமாந்து பணம் கட்டவில்லை.

கரிசல்மகள்

தம்பி, பழக்கத்துக்கு எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. அந்தப் பதக்கத்தில் பெரும்பகுதி வகுப்பு முதலிடத்துக்குக் கொடுப்பது. அதாவது அந்தப் பள்ளியில், அந்த வகுப்பில் எழுதியவர்களில் முதலாவது. எட்டுப் பேர் எழுதினாலும் ஒரு தங்கம் உண்டு. அறிக்கையில் அதை அப்படியே எழுதினால் யாருக்கும் குழப்பம் இல்லை. "வகுப்பு அளவில்" என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டு வாசிப்பதுதான் தப்பு. அதை நம்பித்தான் அந்தப் பிள்ளை அடுத்த சுற்றைக் கேட்டாள்.

சாத்தூர் அறிவியல் ஆசிரியர்

பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் விருது பற்றி யாரும் எழுதவில்லையே. ஒரு மாணவிக்கு 10,000 ரூபாய் ஒதுக்கீடு ஆகிவிட்டது, பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. பணம் வரவில்லை. வங்கியில் போய் நின்றால், கணக்கு நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிக் கிடக்கிறது, வந்த தொகை திரும்பிப் போய்விட்டது என்கிறார்கள். மாதிரி செய்ய அட்டையும் மோட்டாரும் வாங்கி வைத்திருந்த பிள்ளை, பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வழிமுறை இதுதான். தனியார் பள்ளிக்கும் உண்டு, அரசுப் பள்ளிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பள்ளி முதலில் யூ-டைஸ் எண்ணை (ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண்) வைத்து இணையதளத்தில் ஒரு முறை பதிந்து, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். இந்த ஒப்புதலுக்கே நாள் பிடிக்கும், கடைசி வாரத்தில் தொடங்கினால் நடக்காது. பிறகு பள்ளிக்குள் யோசனைப் பெட்டி வைத்து எல்லாப் பிள்ளைகளிடமும் எழுதி வாங்கி, அதில் சிறந்த 5 வரை பதிவேற்றலாம். வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும். பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பெயரைப் பரிந்துரைக்கும் முன்பே அந்தக் கணக்கில் நூறு ரூபாய் போட்டு, நூறு ரூபாய் எடுங்கள், கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

யோசனை நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். பார்வையற்றோர் குச்சி, தானே திறக்கும் குப்பைத் தொட்டி, மழை வந்தால் மூடும் கொடித்துணி. யூடியூபில் உள்ளதெல்லாம் நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறது. தேர்வு செய்பவர்கள் ஏற்கெனவே வந்த யோசனையோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். பிள்ளையிடம் "என்ன கண்டுபிடிக்கலாம்" என்று கேட்காதீர்கள். "உங்க வீட்ல எந்த வேலை செஞ்சா அம்மாவுக்குக் கை வலிக்குது" என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் கடலைச் செடியிலிருந்து காய் பறிப்பது, பருத்தி எடுக்கும்போது முள் குத்துவது, தீப்பெட்டி ஒட்டும்போது பசை விரலில் காய்வது என்று கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. எழுதும்போது பிரச்சினை யாருக்கு, இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், உங்கள் வழியில் எந்தப் பாகம் புதிது என்று மூன்றும் தெளிவாக வர வேண்டும். ஆசிரியர் எழுதிக் கொடுத்த ஆங்கிலம் மாவட்டக் கண்காட்சியில் உடனே தெரிந்துவிடும். நடுவர் கேட்கும் முதல் கேள்வி "இந்தக் கம்பியைக் கழற்றினால் என்ன ஆகும்?" என்பதுதான். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று கட்டம். முதல் கட்டத்திலேயே பதில் சொல்லத் தெரியாமல் நிற்பது கடையில் வாங்கிய கிட்டைக் கொண்டுவந்த பிள்ளைகள்தான்.

தாமிரபரணி

ஒரு மெட்ரிக் பள்ளி அலுவலக ஜன்னல். பிளஸ் ஒன் படிக்கும் பெண் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு விண்ணப்பத்தை நீட்டுகிறாள். "அது கவர்மென்ட் ஸ்கூலுக்கு மட்டும்மா" என்று எழுத்தர் திருப்பிக் கொடுத்துவிட்டார். நன்றாகத் தமிழ் எழுதும் பிள்ளை, பேசாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அது தவறான தகவல். 2022இல் தொடங்கிய தேர்வு இது. 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு கொடுக்கிறார்கள். பாதி இடம் அரசுப் பள்ளிக்கு. மீதிப் பாதி பொதுப்போட்டி, அதில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் சி.பி.எஸ்.இ. பிள்ளைகளும் எழுதலாம். பாடம் மாநிலப் பாடத்திட்டத்துப் பத்தாம் வகுப்புத் தமிழ். கொள்குறி வகைக் கேள்விகள். விண்ணப்பத்தைத் தலைமை ஆசிரியர்தான் இணையத்தில் ஏற்ற வேண்டும், பிள்ளை நேரடியாக அனுப்ப முடியாது. ஜன்னலில் தவறான ஒரு சொல் விழுந்தாலே எல்லாம் முடிந்தது.

எழுத்தருக்குக் குழப்பம் வந்ததற்குக் காரணம் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வாக இருக்கும். எட்டாம் வகுப்பில் எழுதும் அந்தத் தேர்வு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டும். ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. சுயநிதிப் பள்ளிக்கு உண்மையிலேயே கிடையாது.

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்த பிள்ளை, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவ, தொழிற்கல்விச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. எட்டாவது முடிக்கும் பெற்றோரிடம் இதை எந்தப் பள்ளியும் எடுத்துச் சொல்வதில்லை. ஒன்பதாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் முன் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மதுரை வாசகர்

எல்லோரும் போட்டித் தேர்வையே பேசுகிறீர்கள். அறிக்கையின் முதல் வரி "நூறு சதவீதத் தேர்ச்சி". அந்த வரிக்காக மே மாதம் ஒரு பள்ளி வாசலில் ஒன்பதாம் வகுப்புப் பையனோடு அவன் அப்பா டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பாஸ் போட்டுத் தர்றோம், வேற ஸ்கூல் பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பையன் மதில் மேல் கட்டியிருந்த ஃபிளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களில்தான். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதினார்கள் என்று கேளுங்கள். எண்ணிக்கை பெரிதாகக் குறைந்தால் காரணம் கேளுங்கள். தனித்தேர்வராக அனுப்பியிருந்தால் அவர்கள் பள்ளிக் கணக்கில் வரமாட்டார்கள். நீட் வெற்றி என்று போட்டிருந்தால் அந்த ஆண்டு படித்தவர்களா, முந்தைய ஆண்டு முடித்துக் கோச்சிங் போனவர்களா என்று கேளுங்கள். "மாவட்ட முதலிடம்" என்பதற்கு அரசு வெளியிட்ட ஆதாரம் இருக்காது, 2017 முதல் தர வரிசை அறிவிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

கட்டண பாக்கி என்று டி.சி.யில் எழுதி மிரட்டினால், அப்படி எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் தந்தை

ஈரோடு சார், சாரணர் இயக்கம் பற்றிச் சொல்லுங்கள். என் மகன் எட்டாம் வகுப்பு. பள்ளி அறிக்கையில் ராஜ்ய புரஸ்கார் என்ற சாரணர் மாநில விருது வாங்கியவர்கள் பெயர் வந்தது. இப்போது சேர்ந்தால் கிடைக்குமா?

ஈரோடு பி.இ.டி.

கிடைக்கும், ஆனால் இழுத்துப் பிடிக்க வேண்டும் சார். பிரவேஷ், பிரதம சோபான், த்விதிய சோபான், த்ரிதிய சோபான், அதன் பிறகுதான் ராஜ்ய புரஸ்கார். ஒவ்வொரு படிக்கும் நடுவே மாதக்கணக்கில் கட்டாய இடைவெளி, அதைத் தாண்டிக் குதிக்க முடியாது. அதனால்தான் ஆறாம் வகுப்பில் சேர்ப்பது நல்லது. முதலில் பள்ளிச் சாரணர் ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: குழு இந்த ஆண்டுக்குப் பதிவு புதுப்பிக்கப்பட்டதா, போன தேர்வு முகாமுக்கு எத்தனை பேர் போனார்கள்? பதிவு விட்டுப்போயிருந்தால் சீருடை மட்டும்தான் மிஞ்சும். லாக் புத்தகத்தை மகனே தன் கையால் அந்தந்த வாரம் எழுத வேண்டும். முடிச்சு, முதலுதவி, வரைபடம், கூடாரம் எல்லாம் முகாமில் செய்து காட்டச் சொல்வார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நேரத்தில் முகாம் வந்தால் எந்தப் பக்கம் போவது என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். என்.சி.சி. இருந்தால் அதையும் விசாரியுங்கள், எட்டு ஒன்பதில் இரண்டு ஆண்டு, அணிவகுப்பில் 75 சதவீத வருகை, ஒரு முகாம், பிறகு 'ஏ' சான்றிதழ் தேர்வு. இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும், சனிக்கிழமை ஒன்றுதான் இருக்கிறது.