கிளிஃபர்ட் சான்ஸ் என்பது ஒருவரா, இருவரா?

மதுரை_மாணவி:
வணக்கம். சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். ஊரார் கம்பெனிகளை இணைத்துவைக்கும் வக்கீல் நிறுவனங்கள் தாங்களே எப்படி இணைந்தன என்று கருத்தரங்கில் பேசலாம் என நினைத்து, லண்டனின் கிளிஃபர்ட் சான்ஸை எடுத்தேன். முதல் படியிலேயே சறுக்கல். கிளிஃபர்ட் சான்ஸ் என்ற மனிதரின் வாழ்க்கைக் குறிப்பை அரை நாள் தேடியும் கிடைக்கவில்லை. யார் அவர்? 2000-இல் மூன்று நாட்டு நிறுவனங்கள் ஒன்றானதாகவும் படித்தேன். அது சுமுகமாக நடந்ததா?

இரவுப்பணி_லண்டன்:
தங்கச்சி, அப்படி ஒரு ஆளே இல்லை. 1987இல் கவர்ட் சான்ஸ், கிளிபர்ட்-டேர்னர் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்தன. ஒன்றில் பின்பாதி, மற்றதில் முன்பாதி. கவர்ட் என்பது குடும்பப் பெயர்தான், ஆனால் காதில் விழும்போது ஆங்கிலத்தில் 'கோழை'. வக்கீல் நிறுவனத்தின் வாசலில் அந்தச் சொல் தொங்காமல் போனது நல்லதே என்பது என் சொந்த அபிப்பிராயம்.

ஏன் 1987? இங்கிலாந்தில் 1967 வரை ஒரு பங்காளி நிறுவனத்தில் 20 பேருக்கு மேல் பங்குதாரர் இருக்க முடியாது. அந்த ஆண்டின் கம்பெனிச் சட்டம்தான் சொலிசிட்டர்களுக்கு, அதாவது ஒப்பந்தமும் ஆலோசனையும் பார்க்கும் வக்கீல்களுக்கு, விலக்குக் கொடுத்தது. அப்புறம் 1986 ஒக்டோபர் 27, 'பிக் பாங்'. லண்டன் பங்குச் சந்தையின் நிலையான கொமிஷன் முறை ஒரே நாளில் போனது. வெளிநாட்டு வங்கிகள் உள்ளூர்த் தரகர்களை வாங்கிக்கொண்டு வந்து இறங்கின. அவர்களுக்கு இரவோடு இரவாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க ஆள்பலம் வேண்டும். நடுத்தர நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது.

2000 ஜனவரி 1இல் நியூயோர்க்கின் ரொஜர்ஸ் அண்ட் வெல்ஸ், ஜேர்மனியின் பூண்டர் இரண்டும் கிளிபர்ட் சான்ஸோடு சேர்ந்தன. ரொஜர்ஸ் யார் என்று கேட்டால், நிக்சனின் வெளியுறவு அமைச்சர். சலஞ்சர் விண்கலம் வெடித்ததை விசாரித்த ஆணைக்குழுவின் தலைவரும் அவர்தான். சும்மா பெயர்ப்பலகைக்காக இருந்த பெயரில்லை.

சுமுகமா என்றால், உரசியது காசுப் பெட்டியில். அப்போது லண்டனில் 'லொக்ஸ்டெப்' முறை. அரசாங்க உத்தியோகத்தின் இன்கிரிமென்ட் மாதிரி, வருடம் ஏற ஏறப் பங்கும் ஏறும். கட்சிக்காரரைக் கொண்டுவந்தது யார் என்ற கணக்கு இல்லை. நியூயோர்க்கில் வேட்டையாடியவருக்கே இறைச்சி. பெரிய கட்சிக்காரர்களைக் கையில் வைத்திருப்பவர், இரண்டு வருடம் மூத்தவர் என்பதற்காகப் பக்கத்து அறைக்காரர் கூட எடுப்பதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பார்? சிலருக்குத் தனி ஏற்பாடு செய்து பார்த்தார்கள், அப்படியும் முக்கியமான ஆட்கள் போனார்கள்.

2002இல் நியூயோர்க் இளநிலை வக்கீல்கள் மேலிடத்துக்கு எழுதிய குறிப்பு வெளியே கசிந்து பத்திரிகைகளில் வந்தது. வருடத்துக்கு 2,420 பில் மணி நேரம் என்ற எதிர்பார்ப்பு மீதுதான் பெரிய கோபம். நான்கு வாரம் லீவு போக, வாரம் ஐம்பது மணி. அதுவும் கட்சிக்காரருக்கு பில் போடக்கூடிய மணி மட்டும். நாங்கள் ஆறு நிமிடத்துக்கு ஒரு கட்டமாக நேரக் கணக்கு எழுதுவோம். தேநீர் குடித்த கட்டத்துக்கு எந்தக் கட்சிக்காரரும் காசு தரமாட்டார்.

நான் லண்டனில் வேறொரு சட்டக் கந்தோரில் இரவு ஷிப்டில் ஒப்பந்தம் தட்டச்சு செய்து, வடிவம் திருத்திக் கொடுத்தவன். பெயர் வேண்டாம். எங்களுடையதும் ஒரு அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்தது. சேர்ந்த மூன்றாம் வாரம் 140 பக்க ஒப்பந்தம் ஒன்று வந்தது. ஒப்பந்தப் பிரிவுக்கு முன்பாதியில் 'கிளாஸ்' (clause) என்று எங்கள் சொல், பின்பாதியில் 'செக்ஷன்' என்று அவர்கள் சொல். அதைக்கூட மாற்றிவிடலாம். அவர்கள் 'லெட்டர்' என்ற அமெரிக்க அளவுத் தாளில் அமைத்திருந்தார்கள், எங்கள் பிரிண்டரில் ஏ4. ஏ4 நீளம் கூட, அகலம் குறைவு. தாளை மாற்றியதும் வரிகள் எல்லாம் நகர்ந்து, கையெழுத்துக் கோடு மட்டும் கடைசித் தாளில் அநாதையாக நின்றது. மேலே ஒரு வரியும் இல்லாமல் கோடு மட்டும் உள்ள தாளில் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். விடியற்காலை மூன்றரை மணிக்குத் திட்டு வாங்கியது நான். பெயரை இணைத்தவர்களில் ஒருவருக்கும் தாளை இணைக்கத் தோன்றவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்தக் காசுப் பெட்டிச் சண்டைக்குப் பயந்துதான் பிறகு வந்தவர்கள் சுவிஸ் 'வெரைன்' என்ற சங்க அமைப்பு வழியில் போனார்கள். பெயர் ஒன்று, லாபப் பெட்டி நாட்டுக்கு ஒன்று. டென்டன்ஸ் என்ற வக்கீல் நிறுவனத்தில் சேர்ந்தவர்களைப் பாருங்கள்: 2010-இல் சொன்னென்ஷைனும் டென்டன் வைல்ட் சாப்டியும், 2013-இல் சாலன்ஸும் கனடாவின் ஃப்ரேசர் மில்னர் காஸ்கிரெய்னும், 2015-இல் சீனாவின் டாச்செங். தனித்தனி அடுப்பு என்பதால் பிரிவதும் சுலபம். 2023-இல் டாச்செங் தனியாகப் போய்விட்டது. அதை இணைப்பு என்பதே தப்பு என்பேன், ஒரே போர்டு மாட்டிய பல கடைகள்.

இரவுப்பணி_லண்டன்:
அப்படிப் பார்த்தால் கிளிபர்ட் சான்ஸ் செய்ததுதான் கஷ்டமான வழி. ஒரே உலையில் மூன்று வீட்டு அரிசி.

பாரிமுனை_வக்கீல்:
கருத்தரங்குக்கு நம்ம ஊர்ச் சங்கதி ஒன்று. இந்த நிறுவனங்கள் இந்தியாவில் கிளை திறக்கலாமா என்பதைப் பேசிய முக்கியமான வழக்கு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியதுதான், ஏ.கே. பாலாஜி வழக்கு. 2012-இல் இங்கே தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவு. அலுவலகம் கூடாது, எப்போதாவது வந்து தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்பலாம் என்றார்கள். 2023-இல் வெளிநாட்டு வக்கீல் நிறுவனங்கள் பற்றி பார் கவுன்சில் விதி வந்தது. இரண்டையும் சேர்த்துப் படிம்மா, கேள்வி நேரத்தில் கட்டாயம் வரும்.

மதுரை_மாணவி:
நன்றி சார், நன்றி அண்ணா. அந்த ஏ4 கதையை நான் சொல்லிக்கொள்ளலாமா?

இரவுப்பணி_லண்டன்:
தாராளமாக. எந்த நிறுவனம் என்று யாராவது கேட்டால், அண்ணனுக்கு வயது போய் மறந்துவிட்டது என்று சொல்லுங்கள்.