கோடியக்கரை முதல் அரிச்சல்முனை வரை ஸ்கூட்டரில் தனியாக: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

தஞ்சாவூர் செவிலி:

வணக்கம். தஞ்சாவூரில் செவிலியாக வேலை பார்க்கிறேன். வயது 29. ஜனவரி கடைசியில் ஐந்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. என்னிடம் 110 சிசி ஸ்கூட்டர் இருக்கிறது, நான்கு வருடமாக ஓட்டுகிறேன், ஆனால் ஒரே மூச்சில் கும்பகோணம் தாண்டிப் போனதில்லை.

சின்ன வயதில் வருடா வருடம் அப்பா வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போவார். அதற்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், "வேதாரண்யம் இருக்கு, அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல" என்பார். அந்த "ஒண்ணுமில்ல" என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. கோடியக்கரையில் ஆரம்பித்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வழியாகக் கடலை ஒட்டியே தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போக வேண்டும். தனியாகத்தான் போக வேண்டும்.

தனியாக வரும் பெண்ணுக்கு எங்கே அறை கிடைக்கும்? வண்டி நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது? எதைத் தவறவிடக் கூடாது? இணையத்தில் தேடினால் ராமேஸ்வரம் மட்டும்தான் வருகிறது, நடுவில் இருக்கும் ஊர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

திருச்சி டீச்சர்:

உங்கள் கேள்வியைப் படித்ததும் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பள்ளியில் புவியியல் எடுக்கிறேன், வயது 47. போன வருடம் பிப்ரவரி கடைசியில் இதே பாதையில், இதே மாதிரி ஸ்கூட்டரில் தனியாகப் போய்வந்தேன். கோடியக்கரையிலிருந்து அரிச்சல்முனைக்குச் சுமார் 300 கிலோமீட்டர். நான் உள்ளே உள்ளே புகுந்ததில் 430 ஆனது.

முதலில் ஒரு விஷயம். பெயர்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை. வேதாரண்யம் தாண்டினால் வண்டியில் இருந்தபடி கடலைப் பார்ப்பது அபூர்வம். தென்னந்தோப்பு, உப்பளம், இறால் குட்டை, கருவேலங்காடு, இவைதான் இடப்பக்கம் முழுக்க வரும். முதல் நாள் இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று கடலைத் தேடியே ஓட்டினேன், அது வரவே இல்லை. மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மீனவர் ஊர் எது வந்தாலும் இடப்பக்கம் பிரியும் கிளைச் சாலையில் திரும்பி, அது முடியும் இடம் வரை போவது. பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அந்தச் சாலைகள்தான் உண்மையில் உங்கள் பயணம். பெரிய சாலை ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக மட்டும்.

கிளைச் சாலை முடியும் இடத்தில் ஒரு மீன் ஏலக் கொட்டகை, ஐஸ் பெட்டிகள், ஒரு சர்ச்சோ பள்ளிவாசலோ கோயிலோ, வலை பின்னும் நாலு பேர், அப்புறம் கடல். ஆனால் மெரினா மாதிரி எதிர்பார்க்காதீர்கள். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அலை இருக்காது. ஏரிக்கரையில் நிற்பது போலத்தான் இருக்கும். சேதுபாவாசத்திரத்தில் ஒரு பெரியவர் கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்க்கொண்டே இருந்தார், கடல் அவரை முழுகவிடவே இல்லை. கரையெல்லாம் பழுப்பாகக் கடற்புல் ஒதுங்கிக் குவிந்து கிடக்கும், ஈரமான வைக்கோல் வாடை அடிக்கும். குப்பை என்று நினைத்து மூக்கைப் பொத்தாதீர்கள். இந்தப் புல்லைத் தின்றுதான் கடற்பசு உயிர் வாழ்கிறது. இந்தப் பக்கத்து மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022ல் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். நான் ஆவுளியாவைப் பார்க்கவில்லை. அது மேயும் புல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

வடக்கிலிருந்து தெற்காகப் போகிறீர்கள், அதுதான் சரி. ஜனவரி, பிப்ரவரியில் வாடைக்காற்று முதுகுப்பக்கம் இருந்து தள்ளும். ஆனி, ஆடியில் இதே பாதையில் கச்சான் காற்று முகத்தில் அறையும், சின்ன வண்டி திணறிவிடும்.

கோடியக்கரைக்கு விடிந்ததும் போய்விடுங்கள். வெளிமான்கள் அந்த நேரத்தில்தான் புல்வெளிக்கு வரும். காட்டுக்குள் மட்டக் குதிரைகளும் உண்டு. சதுப்பில் பூநாரைகள் நின்றால் அதிர்ஷ்டம், உங்கள் தேதிக்கு வாய்ப்பு அதிகம். திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று எங்கள் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடக்க ஆரம்பித்தவர்கள், ஏப்ரல் 30ல் இங்கே உப்பு அள்ளினார்கள். அந்த வெயிலில், அந்தத் தூரம். வண்டியில் போன எனக்கே தூணுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் போல இருந்தது. சுற்றிலும் இன்றைக்கும் உப்புதான் விளைகிறது. பாத்தியில் வேலை செய்யும் பெண்களிடம் பேசுங்கள், அவர்களும் உங்களிடம் பேசத் தயாராக இருப்பார்கள்.

தங்குவது பற்றி. கடலோர ஊர்களில் விடுதி தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு சாயங்காலமும் உள்ளே இருக்கும் பேருந்து ஊருக்குப் போய்விட வேண்டும். நான் வேதாரண்யம், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, ராமநாதபுரம் என்று தங்கினேன். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், தனியாக வந்த பெண்ணுக்கு அறை தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆதார் அட்டையைக் காட்டினேன், பள்ளி அடையாள அட்டையைக் காட்டினேன், வீட்டுக்காரருக்குப் போன் போடட்டுமா என்றும் கேட்டேன். கேட்டதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். ஏன் கேட்க வேண்டும்? அடுத்த தெருவில் வேறொரு விடுதியில் எந்தக் கேள்வியும் இல்லாமல் சாவியைக் கொடுத்தார்கள். அதனால் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊருக்குள் இருங்கள், இரண்டாவது இடம் தேட நேரம் வேண்டும். முடிந்தால் காலையிலேயே போனில் பேசி, தனியாக வருகிறேன் என்று சொல்லியே அறை பிடியுங்கள்.

வண்டி நிற்பது பற்றி. மீமிசலுக்கும் சுந்தரபாண்டியன்பட்டினத்துக்கும் நடுவில் எனக்குப் பின் டயர் பஞ்சர். மாலை ஐந்தரை இருக்கும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். "எந்த ஊரு தாயி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பேரனைக் கூப்பிட்டார். அவன் மொபெட்டில் போய்ப் பஞ்சர் ஒட்டுபவரை ஏற்றிக்கொண்டு வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அந்த அம்மா வீட்டுத் திண்ணையில் இருந்தேன். கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும் கொடுத்தார். பணம் கொடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். என் பையில் பிள்ளைகளுக்கு என்று வாங்கி வைத்திருந்த பென்சில் பெட்டி ஒன்றைப் பேரனுக்குக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டார். நீங்கள் டியூப்லெஸ் பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் சின்ன பம்பும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டுவதற்கு வீட்டிலேயே ஒருமுறை பழகிவிடுங்கள். பெட்ரோலை ஒவ்வொரு பெரிய ஊரிலும் நிரப்பிவிடுங்கள்.

தவறவிடக் கூடாதது என்று கேட்டால் இரண்டு சொல்வேன். ஒன்று ஓரியூர். கடலைவிட்டு உள்ளே போக வேண்டும். 1693ல் பாதிரியார் அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) வெட்டிய இடம், மண் சிவப்பாக இருக்கும். பிப்ரவரி 4 அவர் நினைவு நாள், அதை ஒட்டிக் கூட்டம் சேரும். எல்லா மதத்தவரும் அந்த மண்ணை எடுத்து நெற்றியில் பூசுகிறார்கள். இன்னொன்று தொண்டிக்குத் தெற்கே காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் ஊர்க்காரர்களே படகில் கூட்டிப்போகிறார்கள், வனத்துறை ஏற்பாடு. முத்துப்பேட்டை அளவுக்குப் பெரியதில்லை, ஆனால் தனி ஆளுக்கு வசதி.

அதிரைக்காரன்:

டீச்சர் நன்றாக எழுதியிருக்கிறார்கள். அதிராம்பட்டினத்து ஊர்க்காரன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன், சகோதரி.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை விட்டுவிடாதீர்கள். ஜாம்புவானோடைப் பக்கம் வனத்துறையிடம் அனுமதி வாங்கிப் படகில் போக வேண்டும். தனியாகப் போனால் முழுப் படகு வாடகையும் உங்கள் தலையில் விழும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் குடும்பங்கள் வருவார்கள், சேர்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். கோரையாற்றில் படகு போகப் போக இரண்டு பக்கமும் மரம் நெருங்கி வரும், அப்புறம் சட்டென்று விரிந்து லகூன் வந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே போகலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் ஊரில் கடைகள் சாத்தியிருக்கும், அந்த நேரத்தில் சாப்பாடு தேடி வராதீர்கள். சாயங்காலம் வந்தால் இறால் வைத்த வாடா என்ற பலகாரம் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நோன்பு மாதத்தில் அது இல்லாத தெரு இருக்காது.

மனோராவுக்குக் காலையில் போங்கள். மல்லிப்பட்டினத்துக்கு அருகில் இருக்கிறது, ஆறு மூலை, எட்டு அடுக்கு. நெப்போலியனை ஆங்கிலேயர்கள் தோற்கடித்ததற்காக இரண்டாம் சரபோஜி 1814ல் கட்டியது. உங்கள் ஊர் ராஜா, நீங்கள் பார்க்காமல் போகலாமா? கடலைப் பார்த்தபடி உட்கார நல்ல இடம். அங்கே கூட்டமே இருக்காது.

பேராவூரணி தோப்பு:

எல்லோரும் கடலைப் பற்றியே சொல்கிறீர்கள். இந்தப் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கம்மா.

சேதுபாவாசத்திரத்திலிருந்து பேராவூரணிக்கு வரும் ரோடு முழுக்கத் தென்னைதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. எங்கள் தோப்பில் 210 மரம். விடிந்து பார்த்தபோது 34 நின்றது. என் அப்பா வைத்த மரங்கள். அவர் அன்றைக்கு முழுக்க வாசலைத் தாண்டவில்லை. இப்போது நீங்கள் பார்க்கப் போகும் மரங்கள் நிறைய அதற்கப்புறம் வைத்தவை. குட்டையாக இருக்கும், இப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருக்கின்றன. ஒரே தோப்பில் நெட்டையாக நாலு மரமும் சுற்றிலும் குட்டை மரங்களும் தெரிந்தால், அந்த நாலும் கஜாவுக்குத் தப்பியது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. எங்கள் ஊர், நாகுடிப் பக்கமெல்லாம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. கல்லணையில் திறந்த காவிரித் தண்ணீர் உங்கள் தஞ்சாவூரைத் தாண்டி இங்கே வரைக்கும் வருகிறது. ஜனவரி 28ல் மேட்டூரை மூடுவது வழக்கம், நீங்கள் வரும்போது வாய்க்காலில் கடைசித் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், சம்பா அறுப்பும் நடக்கும். மீமிசல் தாண்டிவிட்டால் காவிரி இல்லை, கண்மாய்தான். நேரம் இருந்தால் ராஜசிங்கமங்கலம் கண்மாய்க் கரையில் ஐந்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரையே பறக்க முடியாது என்று அர்த்தம்.

வழியில் யார் தோப்பில் நிறுத்தி இளநீர் கேட்டாலும் வெட்டித் தருவார்கள்.

தஞ்சாவூர் செவிலி:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கால்வாய் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் புது ஆறு அதுதானே! தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

அக்கா, இன்னும் ஒன்றே ஒன்று. கடைசி நாள் ராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்? அங்கே எவ்வளவு நேரம் இருக்கலாம்?

திருச்சி டீச்சர்:

காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். தேவிபட்டினத்தை முந்தின நாளே பார்த்துவிடுங்கள், கடலுக்குள் நிற்கும், நவக்கிரகங்களாகக் கும்பிடும் ஒன்பது கல்லையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். பாம்பன் பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளும், மெதுவாகப் போங்கள், படம் எடுக்க நடுவில் நிறுத்தாதீர்கள். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்துச் சுவர் இன்னும் நிற்கிறது. அங்கே இறங்கி நடங்கள், வெயில் ஏறுவதற்குள். பக்கத்தில் மீன் பொரித்துத் தரும் குடிசைக் கடைகள் இருக்கின்றன. மாலை ஐந்து மணிவாக்கில் எல்லோரையும் திரும்பச் சொல்லிவிடுவார்கள்.

அரிச்சல்முனையில் சாலை ஒரு வட்டமாக முடியும். அங்கே நின்று கிழக்கே பார்த்தால் வலப்பக்கம் மன்னார் வளைகுடா, அதை ஆண்கடல் என்பார்கள். இடப்பக்கம் பாக் நீரிணை, அதைப் பெண்கடல் என்பார்கள். வாடை பலமாக அடிக்கும் நாளில் இடப்பக்கமும் கொந்தளிக்கும், நான் போன அன்று காற்று அடங்கியிருந்தது. கூட்டமெல்லாம் வலப்பக்கம் அலையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் இடப்பக்கம் மணலில் இறங்கி உட்கார்ந்தேன். கோடியக்கரையிலிருந்து கூடவே வந்த கடல் அதுதான். தண்ணீர் ஓரத்தில் அதே பழுப்புப் புல் ஒரு கீற்று ஒதுங்கியிருந்தது. காவலர் வந்து விசிலடிக்கும் வரை எழுந்திருக்க மனம் வரவில்லை.