கலைச்சொல் தேவை: அடியோடு இறங்கிய லித்தியம் பேட்டரியை 'எழுப்புவது'

பாளையங்கோட்டை:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வீட்டு இன்வெர்ட்டர் பழுது பார்க்கிற பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை வகுப்பு. அதற்குள் இரண்டு பக்கக் குறிப்பு அச்சாக வேண்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். லித்தியம் பேட்டரி அடியோடு இறங்கினால் உள்ளிருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) இணைப்பை வெட்டிவிடும். முனையில் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய சுழிதான். பேட்டரியே இல்லை என்று பல இன்வெர்ட்டர்கள் சார்ஜும் ஏற்றுவதில்லை. அப்போது தனிச் சார்ஜரால் கொஞ்சமாக மின்னோட்டம் கொடுத்து மறுபடி வேலைக்குக் கொண்டுவருகிறோமே, அதற்கு என்ன பெயர்? இப்போதைக்கு 'உயிர்ப்பித்தல்' என்று போட்டிருக்கிறேன்.

தென்காசி:
உயிர்ப்பித்தல் வேண்டாம் தம்பி. செத்ததைத்தான் உயிர்ப்பிக்க வேண்டும், இது உறக்கம். 'உறங்கு வதுபோலும் சாக்காடு' என்று வள்ளுவர் ஒப்புத்தான் சொன்னார், இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. 'துயிலெழுப்பல்' என்று போடுங்கள்.

அம்பை:
அதே குறளின் அடுத்த அடி 'விழிப்பது போலும் பிறப்பு'. அப்படிப் பார்த்தால் தம்பி எழுதியதே சரி!

வள்ளியூர்:
துயிலெழுப்ப அது என்ன பெருமாளா? கடையில் 'பேட்டரியை எழுப்பு' என்றுதான் சொல்கிறோம். ஆனால் எல்லாமே உறக்கம் இல்லை அண்ணாச்சி. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லுக்குக் கீழெல்லை 2.5 வோல்ட் அளவு. வெட்டிய பிறகும் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் பி.எம்.எஸ். சொட்டுச் சொட்டாகக் குடித்து இன்னும் இறக்கிவிடும். ரொம்பத் தாழ்ந்தால் உள்ளே எதிர்முனையின் மெல்லிய செப்புத் தகடு கரையும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனால் 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு நான் 5 ஆம்பியருக்கு மேல் விடமாட்டேன். செல் செல்லாக வோல்ட் அளக்க வேண்டும், கை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் சார்ஜரை மாட்டவே கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய பேட்டரியை ஒருவர் வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்து 'எழுப்பிக் கொடு' என்றார். தொட மாட்டேன் என்றேன், கோபித்துக்கொண்டு போனார். இதைக் குறிப்பில் போடுங்கள், பெயர் எதுவாகவும் இருக்கட்டும்.

அம்பை:
பெயர் எதுவாகவும் இருந்தால் நாம் எதற்கு இருக்கிறோம்? குளத்து மடையை நினைத்துப் பாருங்கள். மடையை அடைத்தால் வயலுக்குத் தண்ணீர் வராது, அதற்காகக் குளம் வற்றிவிட்டது என்று அர்த்தமா? பி.எம்.எஸ். வெட்டுவது 'மடையடைப்பு', எழுப்புவது 'மடைதிறப்பு'. 'வற்றிய பேட்டரி' என்று மட்டும் எழுதாதீர்கள். வற்று என்றால் ஈரமே போய்விட்டது என்று பொருள், வற்றல் அதில் வந்ததுதான். கன்னடத்தில் இதே வேர் 'பத்து' என்று நிற்கிறது.

தென்காசி:
கன்னடியன் கால்வாய் பாயும் பக்கத்தில் இருந்துகொண்டு கன்னடம் பேசாமல் இருப்பீர்களா! ஆனால் மடை தண்ணீர் வெளியே போகும் வழி. நாம் உள்ளே அல்லவா விடுகிறோம்? அதற்கு வரத்துக்கால் என்று பெயர். பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

வள்ளியூர்:
'எழுப்பு சார்ஜ்'. முடிந்தது.

தென்காசி:
சார்ஜ் எதற்கு, மின்னேற்றம் இருக்கும்போது? பாடநூலிலேயே படித்த சொல்தானே.

வள்ளியூர்:
படித்தார்கள், பரீட்சையோடு விட்டார்கள். கடைக்கு வருகிறவர் ஒருவர்கூட மின்னேற்றம் ஏறவில்லை என்று சொல்லிக் கேட்டதில்லை.

தென்காசி:
சரி, சார்ஜே இருக்கட்டும். நடுவில் 'ச்' மட்டும் போட்டுவிடாதீர்கள். சுடுசோறு, ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை, வல்லினம் மிகாது.

பாளையங்கோட்டை:
நன்றி அண்ணாச்சி. அச்சகத்துக்காரர் நாளைக் காலையில் கேட்கிறார். தலைப்பில் 'எழுப்பு மின்னேற்றம்', உள்ளே 'எழுப்பு சார்ஜ்' என்று போட்டு அனுப்பிவிடுகிறேன். செம்பு கரைவதும் வெள்ளத்தில் முங்கியதும் முதல் பக்கத்திலேயே வரும்.

அம்பை:
மூன்று பேர் சொன்ன பிறகு நான் என்ன செய்ய. மடைதிறப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் மடையடைப்பை ஏன் தள்ளினீர்கள்? பி.எம்.எஸ். தடுப்பது வெளியே போகிற மின்சாரத்தைத்தானே? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.